நடுக்கடலின்மேல் நின்ற எஞ்சின்

ஆகாயவிமானத்திலே நெடுந்தூரம் செல்லுகின்றவர் உள்ளத்தின் ஒரு மூலையில் ஒரு வினா எப்பொழுதும் குடியிருக்கும். பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் யாது நிகழும் என்பதே அவ்வினா. இக்காலத்து ஜெற் விமானங்களைப் பொறுத்தவரை அதற்குரிய விடை பெரும்பாலும் ஆறுதல் தருவதேயாம். இரண்டு எஞ்சின்களுள் ஒன்று பழுதுற்றால், விமானிகள் முதலில் விமானத்தை நேராகப் பறக்கச் செய்வர். ஒருபக்கமாக இழுக்கும் இழுப்பைச் சுக்கானை மிதித்துத் திருத்துவர். பழுதுற்றது எது என்பதை இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லி உறுதிசெய்துகொண்ட பின்னரே அந்த எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளை நிறுத்துவர். பின்னர் மெல்லத் தாழ்ந்து, பொருத்தமான நிலையம் ஒன்றை நாடுவர். எஞ்சிய ஓர் எஞ்சினே விமானத்தைத் தாங்க வல்லது. அவ்வாறு தாங்கும் என்று காட்டிய பின்னரே விமானத்தைப் பயணிகளுக்கு விடுகின்றனர்.

யான் எஞ்சினைத் தொட்டறியாதவன். இலக்கணம் கற்பித்துக் காலங்கழிப்பவன். ஆயினும் இவ்வொழுங்கைப் பற்றிப் படித்தபோது, ஜெற் விமானம் ஒன்றேனும் வானில் எழாத 1935 ஆம் ஆண்டிலே இவ்வொழுங்கிற் பெரும்பகுதியைத் தாமே செய்துகாட்டிய ஒருவரின் வரலாறு நினைவிற்கு வந்தது. அவரே சாள்ஸ் கிங்ஸ்போட் சிமித். அவுஸ்திரேலியாவிலே சிட்னி விமான நிலையம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. பசிபிக் மாகடலை முதன்முதல் வானத்தாற் கடந்தவர் என்று பாடப்புத்தகங்கள் அவரைப் புகழும். அது மெய்யே. எனினும் அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் அவருடைய எஞ்சின்கள் பழுதுற்ற நாள்களே அவரை நன்கு காட்டுகின்றன என்பது என் துணிபு.

அவர் 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி பிறிஸ்பேன் நகரிற் பிறந்தார். தந்தையார் வங்கி உத்தியோகத்தர். இளமையிற் சில ஆண்டுகள் கனடாவிலே குடும்பத்துடன் வாழ்ந்தார். 1907 ஆம் ஆண்டிலே சிட்னியின் பொண்டாய் கடற்கரையிற் குளிக்கும்போது அலை அச்சிறுவனை இழுத்துச் சென்றது. உயிர் போயிற்று என்று எண்ணத்தக்க நிலையிலே அவரை மீட்டெடுத்தனர். பத்து வயது நிரம்பாத பருவத்தில் விழுங்க வந்த கடலையே பிற்காலத்தில் எத்தனையோ முறை அவர் கடக்கவேண்டியதாயிற்று. தனியே பறந்த பிற்காலப் பயணங்களிலே கடலின்மேற் காரணமற்ற பேரச்சம் அவரைப் பற்றியதுண்டு. அஞ்சாதவர் என்று அவரைப் பாடுவோர் இதனை மறைத்துவிடுகின்றனர். அஞ்சியும் பறந்தார் என்பதன்றோ பெரிது?

முதல் உலகப்போரிலே கலிப்பொலிப் போர்க்களத்திற் படைவீரராய் நின்று, பின்னர் இங்கிலாந்தின் விமானப்படையிற் சேர்ந்தார். 1917 ஓகஸ்ட் மாதத்திற் பகைவரின் குண்டு அவருடைய இடப்பாதத்தைத் துளைத்தது. அப்பாதத்தின் ஒருபகுதி வெட்டி நீக்கப்பட்டது. இராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அதற்கு ஒரு வேலையுண்டு.

போருக்குப் பின் வேடிக்கைப் பறப்புக்கள் நடத்தியும், மேற்கு அவுஸ்திரேலியாவிலே தபால் விமானம் ஓட்டியும், பாரவண்டிகளை வைத்துத் தொழில் நடத்தியும் பல ஆண்டுகளைக் கழித்தார். பசிபிக்கைக் கடப்பது ஒன்றே அவருடைய நெடுநாட் கனவு. சாள்ஸ் உல்ம் என்பவர் அதற்குத் துணையானார். இருவரும் அமெரிக்காவிற்குச் சென்று, துருவ ஆராய்ச்சியாளரான ஹியூபேட் வில்கின்ஸ் என்பவரிடமிருந்து மூன்று எஞ்சின் பூட்டத்தக்க பொக்கர் விமானம் ஒன்றை வாங்கினர். கையிற் காசின்றி அவ்விமானத்தையும் இழக்கும் நிலை வந்தபோது, அலன் ஹான்கொக் என்ற செல்வர் கைகொடுத்தார். விமானத்திற்குச் சதேண் குறொஸ், அஃதாவது தென்சிலுவை, என்று பெயரிட்டனர். தென்வானில் விளங்கும் அந்த விண்மீன் கூட்டத்தை நம்மவர் திரிசங்கு என்பர். விண்ணிற்கும் மண்ணிற்குமிடையே தொங்கி நின்ற அவ்வரசனின் பெயர் இவ்விமானத்திற்கு எத்துணைப் பொருத்தமாயிற்று என்பது போகப்போகத் தெரியும்.

1928 மே மாதம் 31 ஆந் திகதி கலிபோர்ணியா மாநிலத்து ஒக்லண்ட் நகரிலிருந்து தென்சிலுவை எழுந்தது. கிங்ஸ்போட் சிமித்தும் உல்மும் ஓட்ட, ஹரி லயன் வழிகாட்ட, ஜேம்ஸ் வோணர் கம்பியில்லாத் தந்தியை இயக்கினார். பின்னிருவரும் அமெரிக்கர். ஹவாயிலும் பீஜித் தீவின் சூவா நகரிலுமாக இரண்டே இடங்களில் இறங்கி, யூன் மாதம் 9 ஆந் திகதி பிறிஸ்பேனை அடைந்தனர். ஏழாயிரம் மைலுக்கு மேற்பட்ட பயணம். வானிலிருந்த நேரம் ஏறக்குறைய 83 மணி. ஹவாயிலிருந்து சூவாவிற்குச் சென்ற பகுதி மாத்திரம் 3,000 மைலுக்கு மேற்பட்டது. மூன்று எஞ்சின்களின் இரைச்சலால் ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேளாதாகையால், வேண்டியவற்றைக் கடதாசித் துண்டுகளில் எழுதிப் பரிமாறிக்கொண்டனர். மூன்று எஞ்சின்களும் அம்முறை குறைவின்றி ஓடின. அதே ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ரஸ்மன் கடலையும் கடந்து நியூசீலாந்திற் சென்றிறங்கினார்.

புகழின் உச்சியில் நின்றவருக்கு அடுத்த ஆண்டே பெரும் பழி வந்தது. 1929 மார்ச் இறுதியிலே தென்சிலுவையில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டவர்கள், வடமேற்கு அவுஸ்திரேலியாவிற் புயல்மழையில் வழிதவறி, கிளெனெல்க் ஆற்றின் அயலிலே சேற்றுநிலம் ஒன்றில் இறங்கினர். உணவோ மிகக் குறைவு. காப்பியுடன் சிறிது பிராந்தி கலந்து குடித்தமையால் அவ்விடத்திற்குக் காப்பி றோயல் என்ற பெயரும் உண்டாயிற்று. பன்னிரண்டு நாள்வரை அவர்கள் இருந்த இடம் உலகிற்குத் தெரியவில்லை.

அவர்களைத் தேடி எழுந்தவருள் கீத் அண்டர்சன் ஒருவர். இவர் முன்னர்க் கிங்ஸ்போட் சிமித்தின் தொழிற் பங்காளி. பசிபிக் பயணத்திலிருந்து விலக்கப்பட்டமையால் மனம் நொந்து வழக்கிட்டவர். அவ்வாறிருந்தும் நண்பனைக் காணவில்லை என்றதும், பொப் ஹிச்கொக் என்பாரை உடனழைத்துக்கொண்டு, குக்கபறா என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்திற் புறப்பட்டார். அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து எழுந்த அச்சிறு விமானத்தின் எஞ்சின் ரனமிப் பாலைநிலத்தின் மேற் பழுதுற்றது. இருவரும் உயிருடன் இறங்கினர். எஞ்சினை ஒருவாறு திருத்தவுஞ் செய்தனர். ஆனால் மீண்டும் எழுந்து பறத்தற்கு வேண்டிய அளவு நிலத்தைப் புதர்நீக்கித் திருத்த அவர்களால் இயலவில்லை. தண்ணீரோ மிகச் சிறிது. தாகத்தால் இருவரும் இறந்தனர். அண்டர்சன் தம் இறுதிநாட் குறிப்பை விமானத்தின் சுக்கான் துணியிலே எழுதிவைத்திருந்தார். தேடப்பட்டவர்கள் ஏப்பிரல் 12 ஆந் திகதி உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டனர். தேடச் சென்றவர்கள் சில நாட்களின் பின் பிணமாகக் காணப்பட்டனர்.

விளம்பரத்திற்காக வேண்டுமென்றே காணாமற்போனார் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. நேற்று மாலையிட்டவர் இன்று தூற்றினர். அரசாங்கம் நியமித்த விசாரணைக்குழு அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆயினும் போதிய உணவு முதலியவற்றுடன் புறப்படாமை குறித்துக் குறை கூறியது. யான் இவ்விருபக்கத்து வாதங்களையும் படித்தவரையில், நாடகம் என்ற பழி ஆதாரமற்றது என்றே கருதுகிறேன். சேற்றிலே பட்டினியால் மெலிந்து கிடந்த மனிதர் நடித்தார் என்பதை நம்ப எனக்கு மனமில்லை. ஆனால் ஆயத்தக் குறைவு என்ற குற்றத்தை அவருடைய அன்பர்கள் இலேசாகத் தள்ளிவிடுவதும் நேர்மையன்று. அண்டர்சனின் சாவு அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கூறிவிடலாம். 1930 இல் அயர்லாந்திலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவிற்குத் தனியே பறந்தார். 1932 இல் சேர் பட்டம் பெற்றார். ஆனால் உல்முடன் சேர்ந்து நடத்திய விமானக் கம்பனி நிலைக்கவில்லை. அக்கம்பனியின் சதேண் கிளவுட் என்னும் விமானம் 1931 மார்ச் 21 ஆந் திகதி எட்டுப் பேருடன் மறைந்தது. அதன் சிதைவு 1958 ஆம் ஆண்டிலேதான் மலைக்காட்டிற் கண்டெடுக்கப்பட்டது. 1934 இல் பற்றிக் கோடன் ரெயிலர் என்னும் வழிகாட்டியுடன் பசிபிக்கை மறுதிசையிற் கடந்து அமெரிக்காவை அடைந்தார். அவ்வாண்டு டிசெம்பரிலே உல்ம் ஹவாய்க்கு அருகிற் கடலில் மறைந்துபோனார்.

இனி 1935 மே மாதம் 15 ஆந் திகதிக்கு வருவோம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை முன்னிட்டு, சிட்னியிலிருந்து நியூசீலாந்திற்குச் சிறப்புத் தபால் விமானம் ஒன்று அனுப்ப ஏற்பாடாயிற்று. ரஸ்மன் கடலின் மேலாக ஒழுங்கான விமானச் சேவை நடத்தும் உரிமையைப் பெறக் கிங்ஸ்போட் சிமித் முயன்றுகொண்டிருந்த காலம் அது. ஆகவே தபாற் பைகள் அவருக்கு வெறுஞ் சுமையல்ல. எதிர்கால வாழ்வே அவற்றிற் கட்டப்பட்டிருந்தது. தென்சிலுவையோ கிழப்பருவம் எய்திவிட்டது. நள்ளிரவின் பின் புறப்பட்ட அவ்விமானத்தில் அவருடன் ரெயிலரும், கம்பியில்லாத் தந்தியாளரான யோன் ஸ்ரானேஜும் இருந்தனர்.

ஏறக்குறைய ஆறு மணிநேரம் பறந்து கடலின் நடுப்பகுதியை அணுகிய வேளையிலே, நடு எஞ்சினின் புகைக்குழாயில் ஒரு துண்டு முறிந்து பறந்து, வலப்பக்க எஞ்சினின் விசிறியைத் தாக்கியது. விசிறியின் அலகு ஒன்று சிதைந்தது. நிறை ஒப்பாத விசிறி சுழலும்போது உண்டாகும் அதிர்ச்சி சாமானியமானதன்று. எஞ்சினையே இறக்கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடக்கூடியது. கிங்ஸ்போட் சிமித் கணமும் தாழ்த்தாது அந்த எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியும் எதிர்க்காற்று விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. இக்காலத்து விசிறிகளின் அலகுகளைக் காற்றின் போக்கிற்கு ஒப்பத் திருப்பி வைத்தல் கூடும். அன்று அவ்வசதி அவருக்கில்லை. எனவே விமானத்தின் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்தார். இன்னுஞ் சிறிது குறைந்தால் விமானமே விழுந்துவிடும் என்ற எல்லைவரை குறைத்த பின்னரே விசிறி நின்றது.

வலப்பக்க எஞ்சின் நின்றால் விமானம் வலப்பக்கமாகவே திரும்ப முயலும். அதனைத் தடுக்க இடக்காலாற் சுக்கானை அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். போரிற் குறைபட்ட அந்த இடப்பாதம் இந்த வேலைக்கு வந்தது. சிட்னியை நோக்கி விமானத்தைத் திருப்பினார். இரண்டு எஞ்சின்களால் அச்சுமையைத் தாங்க முடியவில்லை. உயரம் குறைந்துகொண்டே வந்தது. சரக்குகளைக் கடலில் எறியச் செய்தார். தபாலை மாத்திரம் எறிய மனம் வரவில்லை. அதனை அறியாமை என்று யான் கூறேன். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கைவிடுதல் எளிதன்று.

இவ்வளவில் முடிந்திருந்தால் இஃது ஒரு சாதாரணத் துன்பமாய் இருந்திருக்கும். சில மணிநேரத்தின்பின் இடப்பக்க எஞ்சினும் மசகெண்ணெயை எரித்துத் தீர்க்கத் தொடங்கியது. எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள் இறங்கிற்று. எண்ணெய் அற்ற எஞ்சின் தன்னைத்தானே அரைத்து அழிந்துவிடும். நடு எஞ்சின் ஒன்று மாத்திரம் தென்சிலுவையை வானில் வைத்திருத்தல் இயலாத காரியம். விந்தை யாதெனில், நின்றுபோன வலப்பக்க எஞ்சினில் எண்ணெய் நிறைய இருந்தது. உயிரற்ற எஞ்சினிடம் இருந்த எண்ணெய் உயிருக்குப் போராடும் எஞ்சினுக்கு வேண்டும். இரண்டிற்குமிடையே இருந்தது வெறுங்காற்று.

ரெயிலர் எழுந்தார். விமானியின் அறையிலிருந்து வெளியே ஏறி, பக்க எஞ்சினைத் தாங்கும் ஒடுங்கிய கோலின்மேற் கால்வைத்து, தோளை மேலேயுள்ள இறக்கையின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கீழே கடல். வலப்பக்க எஞ்சினின் எண்ணெயைத் திறந்து, சுடுநீர்ப் போத்தலின் உலோக உறையிலே பிடித்தார். கொஞ்சத்தைக் காற்று வாரிச்சென்றது. எஞ்சியதை வாங்கிய ஸ்ரானேஜ் அதனை ஒரு சிறு தோற்பெட்டியிற் சேர்த்தார். பின்னர் அதனை இடப்பக்கம் கொண்டுசெல்ல வேண்டும். அங்கோ விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அது தள்ளும் காற்றின் முன் மனிதன் நிற்றல் அரிது.

இந்த இடத்திலேதான் கிங்ஸ்போட் சிமித்தின் பங்கு விளங்குகின்றது. முதலில் இயன்ற அளவு உயரம் ஏறுவார். பின்னர் இடப்பக்க எஞ்சினின் வேகத்தைத் தணிப்பார். காற்று அடங்க, ரெயிலர் வெளியே செல்வார். அவர் எண்ணெயை ஊற்றி முடியும்வரை ஓர் எஞ்சினால் மாத்திரம் தொங்கும் விமானம் அலைகளை நோக்கித் தாழும். மிகமுந்தி எஞ்சினை முடுக்கினால் நண்பர் கடலில் வீழ்வார். மிகப்பிந்தி முடுக்கினால் மூவரும் வீழ்வர். அந்தக் கணக்கை அவர் கண்ணளவாலே செய்தார். எண்ணெய் ஊற்றியதும் அமுக்கமானியின் முள் எழுந்தது. சிறிது நேரத்தின் பின் மீண்டும் இறங்கியது. ரெயிலர் மீண்டும் சென்றார். இவ்வாறு ஆறு முறை. இடையே ஒருபோது விமானம் மிகத் தாழ்ந்துவிட, தபாற் பைகளையும் கடலில் எறிய அவர் உடன்பட்டார். ஸ்ரானேஜ் அனுப்பிய செய்திகளைக் கரையிலே கேட்டவர்கள் அவர்களின் உயிர் ஊசலாடுவதை நேரங்காட்டிக் கணக்கில் அறிந்துகொண்டிருந்தனர். அன்று பிற்பகல் தென்சிலுவை சிட்னியின் மஸ்கொட் விமானத்திடலில் வந்திறங்கியது.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள் உண்டென்று மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் பலர் கருத்தாவோடு நின்றுவிடுகின்றனர். கிங்ஸ்போட் சிமித்தாற் கடல் கடக்கப்பட்டது என்பர்; அவ்வளவே. கருவியாகிய எஞ்சின் பழுதுற்றபோதுதான் உடன் சென்றவர் கண்ணுக்குத் தெரிகின்றனர். இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். அந்தப் பகல் முழுவதும் புகழ்பெற்ற தலைவர் ஆசனத்தைவிட்டு அசையாதிருந்தார். உயிரைப் பணயம் வைத்து வெளியே சென்றவர் மற்றவர். தாம் செல்லாமல் நண்பரை அனுப்பினாரே என்று கேட்பாரும் உளர். சுக்கானிலிருந்து கால் எடுத்திருந்தால் ஒருவரும் பிழைத்திரார். வெளியே சென்றவரின் துணிவுக்கு ஒப்பானது, அவர் மீளும்வரை கையும் காலும் நடுங்காமற் காத்திருந்தவரின் துணிவு. தமக்காகத் தேடவந்த இருவரைப் பாலைநிலத்திற் பலிகொடுத்தவர் அந்தக் காத்திருப்பின்போது அவர்களை நினையாதிருந்திருப்பாரா என்று யான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ரெயிலருக்குப் பேரரசின் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. பின்னர் அது ஜோர்ஜ் சிலுவையாக மாற்றப்பட்டது. அவர் பல்லாண்டு வாழ்ந்து, தாமும் சேர் பட்டம் பெற்று, 1966 இல் இறந்தார். தென்சிலுவையை அவ்வாண்டே அரசாங்கம் விலைக்கு வாங்கியது. பிற்காலத்தில் அது பிறிஸ்பேன் விமான நிலையப் பகுதியிலே காட்சிக்கு வைக்கப்பட்டது. தபால்விமானச் சேவை அவருக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் மாதத்திலே, இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவிற்கு விரைந்து பறக்கும் சாதனையை நிலைநாட்டும் நோக்குடன் அவர் மீண்டும் புறப்பட்டார். இம்முறை விமானம் லேடி சதேண் குறொஸ் என்னும் லொக்கீட் விமானம், மிக விரைவானது, ஆனால் ஒற்றை எஞ்சினுடையது. உடன் சென்றவர் ரொமி பெதிபிறிட்ஜ். அலகபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்றுகொண்டிருக்கையில், நவம்பர் 8 ஆந் திகதி அதிகாலையில், வங்காள விரிகுடாவிற்கு அப்பாலுள்ள அந்தமான் கடற்பகுதியில் இருவரும் மறைந்தனர். அவருக்கு வயது 38. எஞ்சின் நின்றதோ, இருளில் தீவு ஒன்றின்மேல் மோதியதோ என்று பலர் பலவாறு எழுதியுள்ளனர். நெடுநாட் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

1937 மே மாதத்திலே பர்மாவின் கரைக்கு அண்மையிலுள்ள ஆயே என்னும் சிறு தீவில், மீனவர்கள் விமானமொன்றின் சில்லுடன் கூடிய கால் கரையொதுங்கிக் கிடக்கக் கண்டனர். கடற்பாசியும் சிப்பியும் அதன்மேற் படிந்திருந்தன. லொக்கீட் கம்பனியார் அது லேடி சதேண் குறொஸ் விமானத்தினுடையதே என்று உறுதிசெய்தனர். சில்லின் இறப்பர் வளையத்தினுள் அடைத்த காற்று அப்பொழுதும் இறங்காமல் இருந்தது.